சாலா பெயர் ஒட்டப் போனால் "மூணு வாரம் பொறுங்க" என்று சொல்லும் கடை

ரங்கூனில் கால்பந்து ஜெர்சிக் கடைக்குப் பஞ்சமே இல்லை. அவுங்சான் ஸ்டேடியத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் லிவர்பூலும் மான்செஸ்டரும் கொடியில் காயப்போட்ட துணி மாதிரி தொங்கும். நான் எழுதப்போகிற கடை அங்கே இல்லை. டவுனுக்குள், அனோரதா ரோட்டுக் காளியம்மன் கோவிலுக்கு நாலு தெரு தள்ளி, ஒரு பழைய கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் மழையில்தான் நிற்க வேண்டும். கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். நாங்கள் பாய் என்கிறோம், பர்மியப் பிள்ளைகள் ஊலே (மாமா) என்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே மாதிரித்தான் தலையைத் தூக்காமல் "ம்" என்பார்.

2025 மார்ச் மூன்றாவது வாரம் பெரியவனுக்குப் பன்னிரண்டு முடிந்தது. லிவர்பூல் கிளப்பின் சிவப்பு ஜெர்சி, முதுகில் அதன் ஆட்டக்காரர் சாலாவின் பெயர், நம்பர் 11. வேறு எதுவும் வேண்டாம் என்றான். சரி, இதைவிடச் சுலபமான பரிசு இருக்க முடியாது என்று நினைத்துப் போனேன். ஜெர்சி 32,000 கியாட். தாய்லாந்துச் சரக்கு, ஒரிஜினல் இல்லை, பாயும் ஒரிஜினல் என்று சொல்லவில்லை. துணி நன்றாக இருந்தது, நெஞ்சிலிருந்த முத்திரை நேராக இருந்தது. பெயரும் நம்பரும் ஒட்டித் தாருங்கள் என்றேன்.

"எத்தனை வருஷம் போடப்போறான்?" என்றார் பாய்.

"வளர்ற பையன், ஒரு ரெண்டு வருஷம்?"

"அப்ப மூணு வாரம் பொறுங்க தம்பி. சாலாவுக்கு ஜூன் 30-ஓட ஒப்பந்தம் முடியுது. இன்னும் கையெழுத்து ஆகல. வெறும் ஜெர்சியைக் கொண்டு போங்க. ஆச்சுன்னா வந்து ஒட்டிக்கலாம். ஆகலேன்னா, கேப்டன் வான் டைக்கும் அதே கதைதான், வேற பேர் பாப்போம்."

வியாபாரம் வேண்டாம் என்கிற கடைக்காரரை இந்த ஊரில் நான் பார்த்ததில்லை. பெரியவன் முகத்தைத் தொங்கப்போட்டான். ஆனால் எனக்குப் பாய் சொன்னது சுருக்கென்று பட்டது. காரணம், எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு பிணங்கள் கிடக்கின்றன.

முதலாவது, என் மச்சானுக்கு வாங்கிய ஆர்சனல் ஜெர்சி. 2020 ஆகஸ்டில் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் செல்சிக்கு எதிராக இரண்டு கோலையும் ஆபமேயாங்தான் அடித்தார். செப்டம்பரில் கிளப் அவருக்கு மூன்று வருஷத்துக்குப் புது ஒப்பந்தம் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 31. மச்சான் ஆனந்தக் கண்ணீர் விட்டான், நான் 14 நம்பர் வாங்கிக் கொடுத்தேன். முந்தைய இரண்டு சீசனிலும் லீக்கில் 22, 22 என்று அடித்தவர் அடுத்த சீசனில் 10 அடித்தார். 2021 டிசம்பரில் கேப்டன் பதவி போயிற்று, 2022 பிப்ரவரியில் ஆளே பார்சிலோனாவுக்குப் போய்விட்டார். அந்த ஜெர்சியை மாமியார் தலையணை உறையாக்கப் பார்த்தார், துணி வழுக்குகிறது என்று விட்டுவிட்டார்.

இரண்டாவது, பெரியவனுக்கே 2023 பிப்ரவரியில் வாங்கிய ஃபிர்மினோ, 9. வேறொரு கடை, பெயர் வேண்டாம். வாங்கிய அடுத்த மாதமே ஃபிர்மினோ லிவர்பூலை விட்டுப் போகிறார் என்று செய்தி வந்தது. அந்த வருஷம் ஒப்பந்தம் முடிந்து மில்னர், கெய்ட்டா, சேம்பர்லின் எல்லாருமே கிளம்பினார்கள். அந்தக் கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் விற்கிறவர். ஆனால் இரண்டாம் துவைப்பிலேயே 9-ன் வால் உரிந்து 0 மாதிரி ஆனதற்கு அவரைத் தாராளமாகக் குறை சொல்லலாம்.

பாயின் கடைக்கு நான் மதிப்பெண் கொடுப்பது முதலில் இந்தப் புத்திமதிக்குத்தான், ஒட்டுவேலை அப்புறம். கல்லாவுக்குக் கீழே நீல அட்டை போட்ட ஒரு கணக்கு நோட்டு வைத்திருக்கிறார். நான் பருப்பு ஏற்றுமதி செய்கிற ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன், நோட்டைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு கிளப். ஆட்டக்காரர் பெயர், பிறந்த வருஷம், எந்த இடத்தில் ஆடுகிறார், போன சீசனில் எத்தனை ஆட்டம், ஒப்பந்தம் எப்போது முடிகிறது. முப்பது தாண்டியவர்களுக்கு மட்டும் சிவப்பு மையில் கோடு. எங்கள் அலுவலகத்தில் உளுந்து மூட்டைக்குக்கூட இவ்வளவு ஒழுங்கான பதிவு இல்லை.

ஏன் இந்த வேலை என்றால், அவருடைய முதலீடு மாட்டிக்கொள்கிற இடம் அது. பெரிய ஆட்டக்காரர்களின் பெயர் முழுத் தாளாக, எழுத்துகள் வரிசை பிசகாமல், பேங்காக்கிலிருந்து வரும். தாய்லாந்து எல்லையில் மியாவதி பாதையில் லாரி நின்றால் சரக்கும் நிற்கும், அதனால் முன்கூட்டியே மொத்தமாக வாங்கி வைக்க வேண்டும். ஆள் கிளப்பை விட்டுப் போய்விட்டால் அந்தத் தாள் குப்பை. அதாவது லிவர்பூல் மேனேஜர் யோசிக்கிற அதே கேள்வியை, இந்த வயதானவரை இன்னும் ஒரு வருஷம் நம்பலாமா என்பதை, பாயும் தன் சொந்தக் காசை வைத்து யோசிக்கிறார்.

"வயசை மட்டும் பாக்காதீங்க," என்று ஏப்ரலில் மறுபடி போனபோது சொன்னார். "எந்த இடத்துல ஆடுறான்னு பாருங்க. பேயர்ன் என்ன செஞ்சான்?"

ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் கிளப்பின் கதை எனக்கும் தெரியும், ஆனால் அவர் சொன்ன கோணத்தில் யோசித்ததில்லை. 2025 பிப்ரவரியில் கோல்கீப்பர் நோயருக்கு இன்னொரு வருஷம் ஒப்பந்தத்தை நீட்டினார்கள். அவர் 1986-ல் பிறந்தவர், அடுத்த மாதமே 39. இரண்டு மாதம் கழித்து, ஏப்ரலில், தாக்குதல் ஆட்டக்காரர் முல்லருக்குப் புது ஒப்பந்தம் கிடையாது என்றார்கள். அவர் 1989-ல் பிறந்தவர், 35 வயது, 2000-ல் சிறுவனாக அந்தக் கிளப்புக்குள் வந்தவர். கிளப் ஒன்று, சீசன் ஒன்று, இளையவருக்கு இல்லை, மூத்தவருக்கு உண்டு. கோல்கீப்பர் கையும் கண்ணும் வைத்துப் பிழைப்பவர். முல்லர் இருக்கிற இடத்தில் காலுக்கு வேகம் வேண்டும், அதே இடத்துக்கு இருபது வயதுப் பையன்கள் வரிசையில் நிற்கிறார்கள். தடுப்பாட்டக்காரர்களும் கொஞ்சம் தாங்குவார்கள்: தியாகோ சில்வா 35 வயதில் செல்சிக்கு ஒரு வருஷம் என்று வந்தார், வருஷம் வருஷமாக நீட்டி நாலு சீசன் ஆடிவிட்டு 2024-ல்தான் போனார். பாய் சில்வா பெயரில் நஷ்டமே பட்டதில்லையாம். பிரேசில்காரர் என்பதால் எல்லாப் பிள்ளைகளும் கேட்பார்கள், எழுத்தும் ஐந்தே.

எழுத்து என்றதும் விலை ஞாபகம் வருகிறது, மறப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். ஓர் எழுத்துக்கு 500 கியாட், நம்பரில் ஓர் எண்ணுக்கு 2,000. சாலா என்றால் ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து, 11-க்கு இரண்டு எண், ஆக 6,500. அப்போது டாட்டன்ஹாம் கிளப்பில் ஆடிய சோன் மூன்றே எழுத்து, ஒற்றை 7, வெறும் 3,500. கஞ்சப்பிசினாரிகளின் ஆட்டக்காரர் அவர்தான். அலெக்சாண்டர்-அர்னால்டுக்குப் பதினைந்து எழுத்து, 66, மொத்தம் 11,500. நடுவில் வருகிற கோடு இலவசம்.

சோன் விஷயத்தில் பாய் முன்பே நிம்மதியாக இருந்தார். ஒப்பந்தத்திலேயே "விரும்பினால் இன்னொரு வருஷம்" என்று ஒரு விதி எழுதி வைத்துக்கொள்வார்கள். விருப்பம் கிளப்புடையது, ஆட்டக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. 2025 ஜனவரி முதல் வாரத்தில் டாட்டன்ஹாம் அந்த விதியைப் பயன்படுத்தி அவரை 2026 வரை இருத்திக்கொண்டது. ஜனவரியில் ஏன் அவசரம் என்றால், ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே வெளிநாட்டுக் கிளப்புகள் நேரடியாகப் பேச வந்துவிடலாம். ஒப்பந்தம் முடிந்தால் காசில்லாமல் போகலாம் என்பது 1995-ல் போஸ்மன் வழக்கில் வந்த தீர்ப்பு. பாய்க்குத் தீர்ப்பின் பெயர் தெரியாது. "ஜனவரி ஒண்ணாந்தேதிக்கு மேல எவன் பேரையும் நம்பி சரக்குப் போடக் கூடாது," அவ்வளவுதான்.

முதல் நாள் பேச்சின் நடுவில் பெரியவன் புகுந்தான். "பாய் தாத்தா, சாலாதானே நிறைய கோல் அடிக்கிறார்? அப்புறம் ஏன் கையெழுத்து வாங்கல?"

நல்ல கேள்வி. இங்கே நான் என் தொழிலைக் காட்டினேன். நோட்டின் கடைசித் தாளில் அவனுக்குக் கணக்குப் போட்டேன். 32 வயது ஆட்டக்காரரைத் தக்கவைத்தால் வாங்கு விலை கிடையாது, சம்பளம் மட்டும். ஆனால் சம்பளம் உச்சத்தில் இருக்கும், இரண்டு வருஷம் கழித்து அவரை விற்று ஒரு காசு எடுக்க முடியாது. அவருக்குப் பதில் 24 வயதுக்காரரை, ஒரு பேச்சுக்கு 60 மில்லியன் பவுண்டுக்கு வாங்கினால், அந்த விலையை ஐந்து வருஷ ஒப்பந்தத்துக்குப் பிரித்து வருஷம் 12 மில்லியன் என்று கணக்கில் எழுதுவார்கள். அதற்கு மேல் அவர் சம்பளம். செலவு கூடத்தான், ஆனால் மூன்றாம் வருஷம் நன்றாக ஆடினால் வாங்கிய விலைக்கு மேலேயே விற்கலாம். கிழவரிடம் லாபம் உடனே, நஷ்டம் பின்னால். இளையவரிடம் நஷ்டமும் லாபமும் எப்போது எந்தப் பக்கம் வரும் என்றே தெரியாது. ஐரோப்பியக் கோப்பைகளில் ஆடுகிற கிளப்புக்கு இன்னொரு கடிவாளம்: சம்பளம், இப்படிப் பிரித்து எழுதுகிற விலை, தரகர் கமிஷன் எல்லாம் சேர்ந்து வருமானத்தில் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஇஎஃப்ஏ விதி. முதலில் 90, அப்புறம் 80, 2025-ல் 70.

பெரியவன் கொட்டாவி விட்டான். பாய் மட்டும் கூர்ந்து கேட்டார், 12 என்பதை வட்டம் போட்டு வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "இதெல்லாம் சரி தம்பி, ஆள் களத்துல நிக்கிறானா? அதைச் சொல்லுங்க," என்றார்.

அதுதான் அவருடைய அளவுகோல் என்று அப்புறம் புரிந்தது. நோட்டில் "எத்தனை ஆட்டம்" என்கிற கட்டத்தைத்தான் அவர் முதலில் பார்க்கிறார், கோலை அல்ல. மான்செஸ்டர் சிட்டியின் டி புரூயின பக்கத்தைத் திருப்பினார். சாலாவை விட ஒரு வயது மூத்தவர், அவ்வளவுதான். 2023 ஆகஸ்டில் தொடைத் தசை கிழிந்து அறுவை சிகிச்சை, அந்த லீக் சீசனில் 38 ஆட்டத்தில் 18-ல்தான் ஆடினார். பந்து கொடுப்பதில் அவரைப் போல இன்னொருவர் இல்லை, யாரும் மறுக்கவில்லை. ஆனால் பாய் 2024-லேயே டி புரூயின பெயர் வாங்குவதை நிறுத்திவிட்டார். நாங்கள் கடைக்குப் போய் இரண்டு வாரம் கழித்து, ஏப்ரல் 4-ஆம் தேதி, பத்து வருஷம் ஆடிய கிளப்பை விட்டுப் போகிறேன் என்று டி புரூயின அறிவித்தார். கிளப் புது ஒப்பந்தம் கொடுக்க முன்வரவில்லை என்று அவரே சொன்னார். அந்த ஜூனில் இத்தாலியின் நாப்போலிக்குப் போய்விட்டார். சாலாவோ அந்த 2024-25 சீசனில், 32 வயதில், லீக்கின் 38 ஆட்டத்திலும் இறங்கினார். 29 கோல், 18 கோலுக்குப் பந்து எடுத்துக் கொடுத்தார். இப்படி ஒருவரை வெளியே விட்டால், அதே 47-ஐ வெளிச்சந்தையில் வாங்க எத்தனை பேரை வாங்க வேண்டும்?

"அப்ப கையெழுத்து ஆகும்னு சொல்றீங்களா?" என்றேன்.

"எனக்குத் தெரிஞ்சு ஆகும். ஆனா உங்க காசுல பந்தயம் கட்ட மாட்டேன்."

அடுத்த வெள்ளிக்கிழமை நிலம் நடுங்கியது. மாண்டலே, சகாயிங் பக்கம் நடந்ததெல்லாம் தெரியும். ரங்கூனில் நாங்கள் ஆட்டம் உணர்ந்து மாடியிலிருந்து இறங்கி ஓடி வந்ததோடு சரி. இரண்டு வாரம் யாருக்கும் ஜெர்சி நினைப்பே இல்லை. பெரியவன்கூடக் கேட்கவில்லை. பர்மியப் புத்தாண்டான திங்ஜான் வந்தது, தண்ணீர் பீச்ச யாருக்கும் மனசில்லை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஏப்ரல் 11, மத்தியானம் பாயிடமிருந்து வைபரில் ஒரே வரி: "ஆச்சு. 2027 வரைக்கும்."

மறுநாள் போனோம். மின்சாரம் இல்லை. ஒட்டுகிற மெஷின் சூடாக வேண்டும், பாயிடம் இருக்கிற சின்ன ஜெனரேட்டர் விளக்குக்கும் காற்றாடிக்கும்தான் காணும். ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். இந்தக் கடையின் பெரிய குறை இது, குறை என்று சொன்னாலும் இந்த ஊரில் எந்தக் கடைக்கு இல்லை. பக்கத்து டீக்கடையிலிருந்து பாய் கணக்கில் இரண்டு லபெயெ டீயும் ஒரு சமோசாத் தட்டும் வந்தன. தெருவில் பிள்ளைகள் "மீ லாபீ!" என்று கத்தியதும், கரண்டு வந்துவிட்டது என்று உதவியாள் பையன் பாய்ந்து சுவிட்சைப் போட்டான்.

ஒட்டுவேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் மற்ற கடைகள் கோட்டை விடுகின்றன. அந்தப் பையன் ஜெர்சியை நெடுக்காக மடித்து நடுக்கோட்டை விரலால் தடவி எடுக்கிறான், மரஸ்கேலை வைத்துக் கழுத்துப் பட்டியிலிருந்து நாலு விரல் விடுகிறான். முதலில் துணியை மட்டும் சில நொடி அழுத்தி ஈரத்தை எடுக்கிறான். மழைக்காலத்தில் இதைச் செய்யாவிட்டால் எழுத்துக்கு அடியில் கொப்புளம் கட்டும். பிறகு 150 டிகிரி, பதினைந்து நொடி, ஆறவிட்டு மேல்தாளை உரிக்கிறான். சூட்டோடு உரிக்கச் சொல்லி ஒருவர் அவசரப்படுத்தினார், பையன் காது கேட்காதவன் மாதிரி இருந்தான். எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. வீட்டில் உட்புறத்தை வெளியே திருப்பித் துவைக்க வேண்டும், பெயர் மேல் இஸ்திரிப் பெட்டி படக்கூடாது, வெயிலில் போடக்கூடாது. இரண்டு மாதமாகத் துவைக்கிறோம், சாலா அசையவில்லை.

அன்றைக்கு வான் டைக் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பாய் அசையவில்லை. ஆறு நாள் கழித்து அவரும் 2027 வரை போட்டார், வயது 33. தடுப்பாட்டக்காரர், தாங்குவார்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டதால் பாயின் கணக்கு எப்போதும் சரியாக வரும் என்று நினைத்துவிட வேண்டாம். கிழவர்களைத் தூண்டித் துருவிப் பார்த்தவர், ஓர் இளையவரிடம் அடி வாங்கினார். அலெக்சாண்டர்-அர்னால்டுக்கும் அதே ஜூன் 30-தான் கெடு. ஆனால் வயது 26, பிறந்தது லிவர்பூல், துணைக் கேப்டன், ஆறு வயதிலிருந்து அந்தக் கிளப். "இவன் எங்க போகப்போறான்?" என்று பாய் தன் ஜனவரி விதியைத் தானே மீறி இருபது தாள் வாங்கிப் போட்டார், ஒவ்வொன்றும் பதினைந்து எழுத்து. மே 5-ஆம் தேதி அவர் போகிறேன் என்றார். போனது ரியல் மாட்ரிட்டுக்கு. நான் அந்த வாரம் கடைக்குப் போனபோது பாய் கத்திரிக்கோலும் கையுமாகத் தாள்களை எழுத்து எழுத்தாக வெட்டிக்கொண்டிருந்தார். "கிளப்பு வேணும்னா போதுமா தம்பி, அவனுக்கும் வேணும்ல," என்றார். இதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. கிளப் தீர்மானிக்கிறது என்றே பேசிக்கொண்டிருந்தோம். ஆட்டக்காரரும் ஒரு நோட்டு வைத்திருப்பார்.

அதற்கு நேர் எதிரான கதை தடுப்பாட்டக்காரர் ரமோஸுடையது. பாய் சொன்னார், அதுவும் ரியல் மாட்ரிட்தான். முப்பது தாண்டினால் ஒவ்வொரு வருஷமாகத்தான் தருவோம் என்பது அங்கே ஏறக்குறையச் சட்டம். 2021-ல் ரமோஸுக்கு ஒரு வருஷம், சம்பளத்தில் பத்து சதவீதக் குறைப்பு என்றார்கள். அவருக்கு இரண்டு வருஷம் வேண்டியிருந்தது. யோசித்து யோசித்து, கடைசியில் சரி என்றபோது அந்த வாய்ப்புக்குக் கெடு முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்களாம். அதே கிளப்பின் மோட்ரிச் அதே சட்டத்துக்குள் ஒவ்வொரு வருஷமும் தலையாட்டி, 39 வயது வரை ஓட்டிவிட்டார். 2025-ல் அமெரிக்காவில் நடந்த கிளப் உலகக் கோப்பையோடு அவரும் கிளம்பினார். ஆர்சனலில் பயிற்சியாளர் வெங்கர் காலத்திலும் இதே கதைதான். பிரெஞ்சுக்காரர் ராபர்ட் பிரெஸுக்கு 32 வயதில் ஒரு வருஷம்தான் என்றார்கள், அவர் 2006-ல் ஸ்பெயினின் வியாரியாலுக்குப் போய்விட்டார். பெர்காம்ப் ஒரு வருஷத்தை வாங்கிக்கொண்டு இருந்தார். மெஸ்ஸி கதை வேறு: அவரும் கிளப்பும் ஒத்துக்கொண்டும், ஸ்பெயின் லீக்கின் சம்பள வரம்பில் இடம் இல்லாமல் 2021 ஆகஸ்டில் பார்சிலோனாவை விட்டு வெளியே போனார். பாயிடம் அன்றைய மெஸ்ஸித் தாள் இன்னும் இரண்டு இருக்கிறது. அதை மட்டும் வெட்டவில்லை, வெட்டவும் மாட்டார்.

நோட்டில் எனக்கு மிகவும் பிடித்த வரி சிட்டி பக்கத்தில் கீழே இருக்கிறது. கார்சன், கோல்கீப்பர், 1985. மூன்றாவது கோல்கீப்பராக 2019-ல் வந்தவர். ஆறு சீசனில் மொத்தம் இரண்டே ஆட்டம் இறங்கினார், 2025-ல்தான் விடைபெற்றார். இவரை ஏன் வருஷா வருஷம் வைத்துக்கொண்டார்கள் என்று கேட்டேன். சிறுவயதில் இங்கிலாந்துக் கிளப்பில் பயிற்சி பெற்றவர் என்பதால் உள்ளூரில் வளர்ந்தவர்களுக்கான ஒதுக்கீட்டில் ஓர் இடம் நிரம்பும், சம்பளம் குறைவு, ஆட்டம் கிடைக்கவில்லை என்று முறைக்க மாட்டார், பயிற்சியில் இளம் கோல்கீப்பர்களுக்குத் துணை. எங்கள் அலுவலகத்தில் எனக்கு இருக்கிற இடம் இதுதான் என்று தோன்றியது, சொல்லவில்லை. "கார்சன் பேர் யாராவது கேட்டிருக்காங்களா பாய்?" என்றேன். "அவன் பொண்டாட்டிகூடக் கேட்டிருக்க மாட்டா," என்றார்.

சரி, குறைகளையும் சொல்ல வேண்டும். பில் தருவதில்லை. ஒட்டியதைத் திரும்ப எடுக்க மாட்டார், மாற்றித் தரவும் மாட்டார். தாய்லாந்துச் சரக்கு என்பதால் அளவு சின்னது, "பிளேயர் வெர்ஷன்" வாங்கினால் என் போன்ற வயிற்றுக்காரர்கள் இரண்டு அளவு மேலே போக வேண்டும், பேசாமல் "ஃபேன் வெர்ஷன்" வாங்குங்கள். சனிக்கிழமை சாயங்காலம் போகாதீர்கள், ஆட்டத்துக்கு முன் கூட்டம் தாங்காது. தமிழில் பெயர் ஒட்ட முடியாது. எழுத்து வெட்டுகிற மெஷின் அவரிடம் இல்லை, வெளியே கொடுத்து வாங்கினால் இரண்டு மடங்கு செலவு. இன்னொன்று, லிவர்பூல் ஜெர்சி 2025 ஆகஸ்டிலிருந்து நைக்கி இல்லை, அடிடாஸ் என்று அவருக்கு மார்ச்சிலேயே தெரியும், ஆனால் எனக்குச் சொல்லவில்லை. ஆட்டக்காரருக்கு 2027 வரை ஒப்பந்தம், சட்டைக்கு 2025 ஜூலையோடு சரி. இதைக் கேட்டபோது மட்டும் பாய் காற்றாடியைப் பார்த்தார்.

நான் மறுபடி போனதற்குக் காரணம் சின்னவன். ஆறு வயது. அண்ணனுக்கு மட்டும் பெயர் போட்ட சட்டையா என்று ஒரு மாதமாக அழுகை. அவனுக்கு எந்த ஆட்டக்காரரும் வேண்டாம், தன் பெயர் வேண்டும், ராமு. ஆங்கிலத்தில் நாலு எழுத்து. பாய் டேனிஷ் பிஸ்கட் டப்பா ஒன்றைத் திறந்தார். வெட்டிப்போட்ட எழுத்துகளெல்லாம் அதில்தான் கிடக்கின்றன, பிள்ளைகளின் சொந்தப் பெயருக்கு அதிலிருந்து எடுத்தால் பாதி விலை. ஆரும் ஏயும் பிரச்சினையே இல்லை, அலெக்சாண்டர்-அர்னால்டு அள்ள அள்ள வந்தார். எம் கிடைக்கவில்லை, கிளறிக் கிளறிக் கடைசியில் ஒரு பழைய ஃபிர்மினோவிலிருந்து எடுத்தார். பிரீமியர் லீக் 2023-ல் எழுத்து வடிவத்தை மாற்றிவிட்டது, அதனால் அது பக்கத்து எழுத்துகளோடு கொஞ்சம் ஒட்டாமல்தான் நிற்கிறது. யு-தான் பெரிய தேடல். டி புரூயினவில் ஒரு யு இருந்தது, அதைப் போன வாரம் அவுங் என்று ஒரு பையன் கொண்டுபோய்விட்டான். பாய் பேயர்ன் டப்பாவைத் திறந்து முல்லரை எடுத்தார். ஜெர்மன்காரர்கள் அந்த யு-வின் தலையில் இரண்டு புள்ளி வைப்பார்கள். உதவியாள் பையன் பிளேடால் அவற்றைச் சுரண்டி எடுத்தான்.

ஆயிரம் கியாட் ஆயிற்று. ராமு அதைக் கழற்றுவதே இல்லை, பள்ளிக்கூடத்துச் சட்டைக்குள்ளும் போட்டுக்கொண்டு போகிறான். மூன்று துவைப்பு முடிந்தது. ஆர், ஏ, எம் உறுதியாக இருக்கின்றன, யு மட்டும் ஓரத்தில் லேசாகத் தூக்குகிறது. நேற்று மழையில் அந்தப் பக்கம் போனபோது பாயிடம் சொன்னேன்.

"முல்லர்தானே? கூட்டிட்டு வாங்க, இன்னொரு தடவை அமுக்கித் தர்றேன். காசு வேணாம்."